சுனாமி அன்று நான் சீருடையில் ஓடினேன். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை

நண்டுக்கால் · ஞாயிறு, இரவு 9.40

வீட்டில் ஒரு சண்டை. தீர்ப்புச் சொல்ல ஆள் தேடி இங்கே வந்திருக்கிறேன்.

2004-இல் சுனாமி வந்தபோது எனக்கு 7 வயது. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி வீடு. அந்தக் காலை இன்னும் கண்முன் நிற்கிறது. உடம்பில் பள்ளிச் சீருடை, முதுகில் பை. தெருவே கல்மண்டபம் பக்கம் ஓடுகிறது, நானும் ஓடுகிறேன். ஒரு கால் செருப்பு கழன்று விழுகிறது. திரும்பி எடுக்கப் பயம்.

இதைப் பத்து இருபது பேரிடமாவது சொல்லியிருப்பேன். போன வாரம் அக்கா மகன் ஏதோ கட்டுரைக்காகக் கேட்டான், அவனுக்கும் சொன்னேன். அடுப்படியில் இருந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "டேய், சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அரையாண்டு விடுமுறையில் உனக்கு மட்டும் எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருந்தது?" என்றாள். பழைய நாட்காட்டியைத் தேடிப் பார்த்தேன். 26 டிசம்பர் 2004, ஞாயிறுதான்.

அக்காவுக்கு அப்போது 13 வயது. நான் ஓடவே இல்லை, அப்பாதான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார் என்கிறாள். சத்தியமாக நான் கதை கட்டவில்லை. ஆனால் அந்தச் சீருடையைக் கழற்றிவிட்டு அந்தக் காலையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மூளை இப்படியெல்லாம் செய்யுமா?

டீ மாஸ்டர் · ஞாயிறு, இரவு 9.52

ஞாயிற்றுக்கிழமை சீருடை போட்ட பையனைத் தண்டையார்பேட்டையில் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

மணிக்கூண்டு · ஞாயிறு, இரவு 10.30

தம்பி, செய்யும். நான் ராயபுரத்துக்காரி, கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இதே தவறு எங்கள் துறையின் பெரிய மனிதர் ஒருவருக்கு நேர்ந்திருக்கிறது.

உல்ரிக் நைசர் என்பவர். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானிய விமானங்கள் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கின. வேடிக்கை பாருங்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். நைசருக்கு மறுநாள் 13 வயது நிறைகிறது. வீட்டில் உட்கார்ந்து வானொலியில் பேஸ்பால் வருணனை கேட்டுக்கொண்டிருந்தார், நடுவில் நிறுத்திச் செய்தி சொன்னார்கள், அம்மாவிடம் சொல்ல மாடிக்கு ஓடினார். இப்படித்தான் பல ஆண்டுகளாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் உறைத்தது: அமெரிக்காவில் டிசம்பர் மாதம் யார் பேஸ்பால் ஆடுகிறார்கள்? நம் ஊரில் ஐப்பசி அடைமழையில் மாம்பழம் தின்றதாகச் சொல்வதைப் போல.

இதை 1982-இல் அவரே எழுதினார். கதை அத்துடன் முடியவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து வேறு இருவர் துருவிப் பார்த்தார்கள். அன்று வானொலியில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்று உண்மையிலேயே ஒலிபரப்பாகியிருக்கிறது. ஆடிய அணிகள் ஜயன்ட்ஸ், டாட்ஜர்ஸ். அதே பெயர்களில் பேஸ்பால் அணிகளும் இருந்தன. ஆட்டம் நடந்ததும் பேஸ்பால் ஆடும் மைதானத்தில்! ஆக வானொலி சரி, ஆட்டம் சரி, செய்தியும் சரி. விளையாட்டு மட்டும் மாறிவிட்டது.

ஆகவே உங்கள் சீருடை வெறும் கற்பனையாக இருக்காது என்பது என் ஊகம். வேறு ஏதோ ஒரு நாளிலிருந்து கழன்று வந்து இந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த நாள் என்று தேடுவோமா?

கல்மண்டபத்தான் · ஞாயிறு, இரவு 11.05

இது என்ன பேச்சு அம்மா? அன்று என் ஃபைபர் படகு போயிற்று. கயிறு அறுந்து, தண்ணீரில் பம்பரமாகச் சுற்றி, கல்லில் மோதிப் பிளந்ததை இந்த இரண்டு கண்களால் பார்த்தேன். நினைவு ஏமாற்றும், மூளை கதை கட்டும் என்று விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதலாம். வீட்டையும் ஆளையும் பறிகொடுத்தவர்கள் முன்னால் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மணிக்கூண்டு · திங்கள், காலை 6.50

அண்ணன் கோபம் நியாயமானது. நான் பாதியில் நிறுத்தியது என் பிழை.

நைசர் தன் தவறோடு நிற்கவில்லை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையிலேயே தன் மாணவர்களிடம் தாளைக் கொடுத்து, செய்தியை எங்கே, யார் மூலம், என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகள். கால்வாசிப் பேருக்கு முக்கிய விவரங்களில் ஒன்றுகூடப் பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் பலர் அடித்துச் சொன்னார்கள், அப்படியே நினைவிருக்கிறது என்று. அவர்கள் கைப்பட எழுதிய தாளை எதிரே வைத்தபோதும் பழைய நினைவு திரும்பவில்லை.

இப்போது அண்ணனுக்கான பகுதி. 1989-இல் கலிஃபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம். நைசர் குழுவினர் உடனேயே அங்கிருந்தவர்களிடமும், தொலைவில் அட்லாண்டாவில் செய்தியாகக் கேட்டவர்களிடமும் எழுதி வாங்கினார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து மறுபடி கேட்டபோது, காலடியில் நிலம் ஆடியவர்கள் அநேகமாகப் பிசகாமல் சொன்னார்கள். செய்தியாகக் கேட்டவர்கள்தான் தடுமாறினார்கள். அட்லாண்டாவிலும், கலிஃபோர்னியாவில் சொந்தக்காரர் இருந்து பதறியவர்களுக்கு நினைவு கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

உங்கள் படகு கல்லில் மோதியதை நான் சந்தேகப்படவே இல்லை அண்ணா. அன்று நீங்கள் கட்டியிருந்த லுங்கியின் நிறத்தைச் சொன்னால்தான் கொஞ்சம் யோசிப்பேன்.

கல்மண்டபத்தான் · திங்கள், காலை 7.15

பச்சைக் கட்டம். ஆனால் நீங்கள் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஏழுகிணறு · திங்கள், காலை 10.20

எனக்கு 74 வயது. இந்த இழையைப் படித்ததில் நெடுநாள் புதிர் ஒன்று அவிழ்ந்தது.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் நம் கடலில் நின்று சென்னை மீது குண்டு போட்டது. துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கெட்டிக்காரனை 'அவன் எம்டன்' என்று சொல்கிறோமே, அந்த எம்டன்தான். என் பாட்டி வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். மொட்டை மாடியில் நின்று வானம் செக்கச்செவேல் என்று எரிந்ததைப் பார்த்ததாகச் சொல்வார். எண்ணெய் எரிந்த நாற்றம், தெருவில் மாடுகள் அறுத்துக்கொண்டு ஓடியது, அவர் அப்பா பெட்டியைக் கட்டியது, எல்லாம் வரிசையாக வரும். நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம்.

பாட்டி போன பிறகு பழைய தகரப் பெட்டியில் அவர் சாதகம் கிடைத்தது. பிறந்தது 1917.

பாட்டி புளுகினார் என்று என் தம்பி சொன்னதற்கு நான் அவனோடு இரண்டு மாதம் பேசவில்லை. இப்போது தோன்றுகிறது, அந்த மாடியில் நின்றவர் அவருடைய அம்மாவாக இருக்க வேண்டும். சோறு ஊட்டும்போது சொன்ன கதை பிள்ளையின் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

மணிக்கூண்டு · திங்கள், பகல் 1.10

ஐயா, தம்பியிடம் சமாதானம் பேசிவிடுங்கள். உங்கள் பாட்டியைப் போலவே ழான் பியாஜேயும் மாட்டிக்கொண்டார். குழந்தை வளர்ச்சி பற்றிப் பேசும்போது முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையது. இரண்டு வயதில் பாரிஸ் சாலையில் தள்ளுவண்டியில் இருந்த தன்னை ஒருவன் கடத்த வந்ததும், தாதி போராடித் தடுத்ததும், அவள் முகத்தில் விழுந்த கீறல்களும் அவருக்குத் துல்லியமாக நினைவிருந்தன. அவருக்கு 15 வயதாகும்போது அந்தத் தாதியிடமிருந்து கடிதம் வந்தது. எல்லாம் நான் இட்டுக்கட்டியது என்று ஒப்புக்கொண்டு, பரிசாகப் பெற்ற கடிகாரத்தையும் திருப்பி அனுப்பிவிட்டாள். வீட்டார் சொல்லக் கேட்டதைக் கண்ணால் கண்டதாக அவர் மனம் மாற்றி எழுதியிருந்தது.

ஒரு செய்தி நமக்குத் தெரிந்திருப்பது வேறு. அது எப்படித் தெரிந்தது என்பது வேறு. மனத்தில் இரண்டும் ஒரே கட்டாக இருப்பதில்லை. கதை தங்கிவிடும், யார் சொன்னது என்ற முகவரிச் சீட்டு உதிர்ந்துவிடும்.

சரி, வெறும் பேச்சு போதும். விருப்பமுள்ளவர்கள் ஒரு விளையாட்டுக்கு வாருங்கள். கீழே உள்ள சொற்களை ஒரே ஒரு முறை, நிதானமாகப் படியுங்கள். பிறகு பக்கத்தை மூடிவிட்டு இரண்டு நிமிடம் வேறு வேலை செய்யுங்கள். அதன் பின் நினைவுக்கு வருவதை மேலே பார்க்காமல் எழுதுங்கள்.

அலை, வலை, படகு, உப்பு, மணல், மீன், நங்கூரம், கரை, சிப்பி, புயல், கட்டுமரம், நண்டு, ஆழம், நீலம், துறைமுகம்.

டீ மாஸ்டர் · திங்கள், பகல் 1.34

அலை, வலை, படகு, மீன், கடல், உப்பு, நண்டு, கட்டுமரம், துறைமுகம். நடுவில் மூன்று பேர் டீ கேட்டுவிட்டார்கள், இல்லையென்றால் எல்லாம் வந்திருக்கும்.

பேசின் பிரிட்ஜ் · திங்கள், பகல் 1.50

அலை, வலை, படகு, உப்பு, மணல், நங்கூரம், சிப்பி, புயல், நீலம், துறைமுகம், கரை. பதினொன்று! குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கல்மண்டபத்தான் · திங்கள், மாலை 4.05

வலை, படகு, கடல், மீன், நங்கூரம், அலை, புயல், கரை, துறைமுகம். இதெல்லாம் எங்களுக்குத் தினமும் புழங்குகிற சொற்கள்.

மணிக்கூண்டு · திங்கள், மாலை 4.20

பேசின் பிரிட்ஜ் தம்பி தப்பித்துவிட்டார். டீ மாஸ்டரும் அண்ணனும் 'கடல்' என்று எழுதியிருக்கிறார்கள். மேலே போய்ப் பாருங்கள், பட்டியலில் கடல் இல்லை.

கல்மண்டபத்தான் · திங்கள், மாலை 4.31

இருந்தது. பார்த்தேன். நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

மணிக்கூண்டு · திங்கள், மாலை 4.40

பதிவைத் திருத்தினால் கீழே 'திருத்தப்பட்டது' என்று விழும் அண்ணா.

இது டீஸ் என்பவர் 1959-இல் தொடங்கி, ரோடிகரும் மெக்டெர்மட்டும் 1995-இல் விரித்துச் செய்த சோதனை. அவர்கள் படுக்கை, ஓய்வு, கனவு என்று அடுக்கித் 'தூக்கம்' என்ற சொல்லை மட்டும் விட்டார்கள். நான் காசிமேட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டேன். அவர்களுடைய இரண்டாம் சோதனையில், பட்டியலில் இல்லாத அந்தச் சொல் 55 விழுக்காடு முறை பதிலில் வந்து உட்கார்ந்தது. பதினைந்து சொற்களும் ஒரே வீட்டுக்குக் கதவு தட்டினால், வீட்டுக்காரர் வெளியே வராமல் இருப்பாரா? மறதி அல்ல இது. உலகம் தெரிந்த மூளை செய்யும் வேலை. கடலே பார்க்காத ஊர்க்காரர் ஒருவேளை நம்மைவிடக் குறைவாக ஏமாறுவார்.

இன்னொன்றும் கவனித்தீர்களா? மூவருமே முதலில் வந்த அலை, வலை, படகையும் கடைசியில் வந்த துறைமுகத்தையும் விடவில்லை. 'ஆழம்' ஒருவருக்கும் வரவில்லை.

பேசின் பிரிட்ஜ் · திங்கள், இரவு 8.15

டீச்சர், இழைக்குச் சம்பந்தம் இல்லாத கேள்விதான், மன்னிக்கவும். பொது அறிவுப் பாடத்தை நான்கு முறை படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. ஒரு வாரத்தில் துடைத்து வைத்தது போல ஆகிவிடுகிறது. என் மூளையில்தான் ஓட்டையா?

மணிக்கூண்டு · திங்கள், இரவு 9.00

படிக்கும்போது தெரிந்த மாதிரி இருப்பதுதான் சிக்கல். அது பரிச்சயம், நினைவு அல்ல. 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் மறுபடி படித்தார்கள். இன்னொரு பிரிவினர் தாளை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முன்னணி: அவர்களுக்கு 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

ஒரு முறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, தங்கையிடம் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நாளை ஒரு முறை, நான்கு நாள் விட்டு ஒரு முறை. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, 1885-இல் கணக்கு எழுதினார். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. அதற்குப் பிறகு இறக்கம் மெதுவாகிறது. முதல் நாள்தான் திருடன் வரும் நாள், பூட்டை அன்றே போடுங்கள்.

ஏழுகிணறு · திங்கள், இரவு 9.25

மனப்பாடம் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா மண்டபத்தில் 1907-இல் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்தார். ஒரே அவையில் நூறு விதக் கவனம். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், இடையிடையே மணி அடிப்பார்கள், முதுகில் நெல் எறிவார்கள், எத்தனை என்று கடைசியில் சொல்ல வேண்டும். அந்த மனிதருக்கும் இந்த மூளைதானே?

மணிக்கூண்டு · திங்கள், இரவு 10.05

இதே மூளைதான் ஐயா. 1980-இல் எரிக்சனும் சேஸும் ஒரு கல்லூரி மாணவரை வைத்துச் சோதித்தார்கள். எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னால் அவரும் நம்மைப் போல ஏழெட்டு எண் வரைதான் திருப்பிச் சொன்னார். ஏறத்தாழ இருபது மாதம், மொத்தம் 230 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி. கடைசியில் 79 எண்களை வரிசை மாறாமல் சொன்னார். அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். காதில் விழும் எண்களை மூன்றும் நான்குமாகப் பிடித்து ஓட்டப் பந்தய நேரங்களாக மாற்றிக்கொண்டார். ஆனால் எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைச் சொன்னபோது மறுபடியும் ஆறுக்கு இறங்கிவிட்டார். பாத்திரம் பெரிதாகவில்லை, அடுக்கத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான். பாவலருக்கு யாப்பு அந்த அடுக்கு. எதுகை தெரிந்தவனுக்கு அடுத்த சீரின் பாதி முன்பே கையில் இருக்கிறது.

டீ மாஸ்டர் · திங்கள், இரவு 10.30

சர்க்கரை இல்லாமல் இரண்டு, ஸ்ட்ராங் மூன்று, பால் மட்டும் ஒன்று, இஞ்சி தட்டிப்போட்டு ஒன்று, யார் எந்தப் பெஞ்சில் என்பது வரை தலையில் நிற்கும். காசு கைக்கு வந்ததும் போய்விடும். அரை மணி கழித்து அதே ஆள், 'நான் என்ன குடித்தேன்' என்று கேட்டால் முழிப்பேன். இதற்கும் யாராவது வெளிநாட்டில் சோதனை செய்திருக்கிறார்களா?

மணிக்கூண்டு · திங்கள், இரவு 10.41

செய்திருக்கிறார்கள். புளூமா சைகார்னிக், 1927. முடிக்காமல் நிறுத்திய வேலை, முடித்த வேலையைவிட நன்றாக நினைவில் நிற்கிறது என்றார். உணவகத்தில் பரிமாறுபவரைப் பார்த்துத்தான் அந்த எண்ணமே பிறந்தது என்று சொல்வார்கள். பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்த முடிவு சீராக வரவில்லை, ஆகவே நான் இதை வகுப்பில் அழுத்திச் சொல்வதில்லை. உங்கள் கடையில் மட்டும் உண்மை என்று வைத்துக்கொள்வோம்.

கொருக்குப்பேட்டை மகள் · செவ்வாய், காலை 5.30

எல்லாரும் விளையாட்டாகப் பேசுவதால் எழுதலாமா என்று இரண்டு நாளாகத் தயங்கினேன்.

அப்பாவுக்கு 78. கடலுக்குப் போனவர். மூன்று ஆண்டுகளாக மறதி நோய். என்னைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சாப்பிட்டு முடித்த கையோடு சாப்பாடு கேட்கிறார். போன மாதம் மாமா ஒருவர் கிழிந்த வலையைத் திண்ணையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், அப்பா ஊசியை எடுத்து, நூல் கோத்து, கண் கண்ணாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கண் பெரிது சிறிது இல்லை. "எப்படி அப்பா?" என்றால், "எதை?" என்கிறார். தான் கடலுக்குப் போனதே அவருக்கு இப்போது தெரியாது.

கைகளுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

மணிக்கூண்டு · செவ்வாய், காலை 6.40

தங்கச்சி, நல்ல வேளை எழுதினீர்கள்.

ஹென்றி மொலைசன் என்று ஒரு மனிதர். 2008-இல் அவர் இறக்கும்வரை உலகம் அவரை எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டுமே அறிந்திருந்தது. கடுமையான வலிப்பு நோய். 1953-இல், 27 வயதில், மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பகுதியை அறுவை செய்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிதாக எதுவும் தங்கவில்லை. மருத்துவர் அறையை விட்டுப் போய்த் திரும்பி வந்தால் புதியவர்.

பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் கோடுகளுக்கு இடையில் பென்சிலை ஓட்ட வேண்டும். முயன்று பாருங்கள், கை எதிர்ப்பக்கம் இழுக்கும். மூன்று நாட்களில் எச்.எம். நன்றாக வரையத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு நாளும், இதை நான் முன்பு செய்ததே இல்லை என்றார். நடந்ததைச் சொல்லும் நினைவுக்கும் செய்யத் தெரிந்த நினைவுக்கும் மூளையில் வெவ்வேறு இடங்கள் என்று அப்போதுதான் தெளிவாயிற்று. கைப்பழக்கம் சிறுமூளையையும் மூளையின் ஆழத்தில் உள்ள சில முடிச்சுகளையும் நம்பியிருக்கிறது.

அவருக்கு நேர்ந்ததும் உங்கள் அப்பாவின் நோயும் ஒன்றல்ல. ஆனாலும் மறதி நோய் முதலில் தின்பது பெரும்பாலும் அண்மைய நிகழ்வுகளை. ஐம்பது ஆண்டு கையில் ஊறிய வேலையை அது எளிதில் தொடுவதில்லை. முடிந்தால் அவருக்கு வலை கொடுத்துக்கொண்டே இருங்கள்.

கல்மண்டபத்தான் · செவ்வாய், காலை 7.20

அம்மா கொருக்குப்பேட்டை, என்னிடம் கிழிந்த வலை நிறையக் கிடக்கிறது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பு. நானே கொண்டுவந்து போடுகிறேன். கூலியும் உண்டு, அப்பா கையிலேயே கொடுப்பேன்.

மணிக்கூண்டு · செவ்வாய், மாலை 6.10

நண்டுக்கால் தம்பி, வழக்கு நிலுவையில் இருக்கிறது. இரண்டு கேள்விகள். ஓடும்போது உங்களையே வெளியிலிருந்து பார்க்கிறீர்களா, அல்லது உங்கள் கண் வழியே தெருவைப் பார்க்கிறீர்களா? சீருடையில் அரைக்கால் சட்டையா, முழுக்கால் சட்டையா?

நண்டுக்கால் · செவ்வாய், மாலை 7.00

வெளியிலிருந்து. முதுகுப் பை தெரிகிறது, அப்படியென்றால் பின்னாலிருந்து பார்க்கிறேன்! இதை நான் யோசித்ததே இல்லை.

கால் சட்டை... முழுசு. இடுப்பில் பெல்ட் கூட இருக்கிறது. ஆனால் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பிறகுதான் முழுக்கால் சட்டை.

பேசின் பிரிட்ஜ் · செவ்வாய், மாலை 7.08

2012! ஏப்ரல் 11, புதன்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு மேல். சுமத்ராவில் 8.6 அளவு நிலநடுக்கம், சென்னையிலும் ஆடியது, சுனாமி எச்சரிக்கை விட்டார்கள், பிறகு திரும்பப் பெற்றார்கள். எங்கள் பள்ளியில் எல்லாரையும் வெளியே விட்டார்கள். நானும் பையோடு ஓடியவன்தான். அண்ணா, அப்போது நீங்கள் எந்த வகுப்பு?

நண்டுக்கால் · செவ்வாய், மாலை 7.11

ஒன்பது.

ஐயோ.

பாரிமுனை வக்கீல் · செவ்வாய், இரவு 8.30

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் கைதட்டுவதற்கு முன் ஒரு ஆட்சேபம்.

டீச்சர் கேட்ட கேள்வியைப் பாருங்கள். 'அரைக்காலா, முழுக்காலா' என்று கேட்கும்வரை சாட்சியின் நினைவில் கால் சட்டைக்கு நீளமே இல்லை. கேட்டதும் நீளம் வந்தது, பெல்ட்டும் வந்தது. முதல் விசாரணையில் விடையை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது என்று 1872 சாட்சியச் சட்டத்திலேயே எழுதி வைத்தது இதற்காகத்தான். குறுக்கு விசாரணையில் கேட்கலாம், அது வேறு கதை.

எலிசபெத் லாஃப்டஸ் 1974-இல் செய்த சோதனை டீச்சருக்குத் தெரியாமல் இருக்காது. கார் விபத்துப் படம் காட்டிவிட்டு, ஒரு பிரிவினரிடம் கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று கேட்டார், இன்னொரு பிரிவினரிடம் 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்டார். முதல் பிரிவு சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றது, மற்றது 31.8. அடுத்த சோதனையில், ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார். 'நொறுங்க' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். வெறுமனே 'இடித்தபோது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. இருபது ஆண்டுகளாக நீதிமன்றத்தில் நிற்கிறேன். பொய்ச் சாட்சியைக் கண்டு எனக்குப் பயம் கிடையாது. உண்மையாக நம்பிக்கொண்டு தவறாகச் சொல்கிற சாட்சிதான் ஆளைத் தூக்கிலேற்றிவிடும்.

மணிக்கூண்டு · செவ்வாய், இரவு 9.05

ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் இதையே பாடமாக நடத்திவிட்டு இங்கே வந்து இடறிவிட்டேன். 2012 என்பது நல்ல ஊகம், நிரூபணம் அல்ல.

பதிலுக்கு ஒன்று மட்டும். தம்பி இதை இருபது பேரிடம் சொல்லியிருக்கிறார். நேற்று வைத்த மீன் குழம்பை மறுபடி அடுப்பில் ஏற்றினால் அதே குழம்பா? சுண்டும், புளிப்பு ஏறும், கொஞ்சம் தண்ணீர் விடுவோம். எலிகளை வைத்து 2000-இல் நேடரும் குழுவினரும் காட்டியது இதுதான்: பழைய அச்ச நினைவை ஒருமுறை எழுப்பிவிட்டால், அது மறுபடி இறுகும்வரை சிறிது நேரம் இளகிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் குறிப்பிட்ட மருந்தைச் செலுத்தியபோது அச்சமே போய்விட்டது. நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் பாத்திரம் அடுப்பில்தான் இருக்கிறது.

பாரிமுனை வக்கீல் · செவ்வாய், இரவு 9.20

அப்படியானால் அடுப்பில் ஏறாத பாத்திரம் எது? தம்பி, உங்கள் அம்மா இதைப் பற்றி அதிகம் பேசியிருக்கிறாரா?

நண்டுக்கால் · செவ்வாய், இரவு 9.26

இல்லை. சுனாமி என்றாலே எழுந்து போய்விடுவார்.

பாரிமுனை வக்கீல் · செவ்வாய், இரவு 9.31

அவருக்கு மனம் இருந்தால் மட்டும் கேளுங்கள். சீருடை, தோள், ஓட்டம் எதையும் வாயில் எடுக்காதீர்கள். 'அன்று நடந்ததைச் சொல்லுங்கள் அம்மா' என்பதோடு நிறுத்திவிட்டு, குறுக்கே பேசாமல் உட்காருங்கள்.

நண்டுக்கால் · வியாழன், இரவு 10.15

கேட்டேன். அம்மா முக்கால் மணி நேரம் பேசினார். அக்கா, நான், அக்கா மகன் மூவரும் கேட்டோம். பலவற்றை இங்கே எழுத மாட்டேன். சண்டைக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

விடிகாலையில் பாத்திரங்கள் லேசாக ஆடினவாம். பக்கத்து வீட்டார் முந்தின நாள் கொடுத்த கிறிஸ்துமஸ் கேக்கைத்தான் நாங்கள் காலையில் தின்றுகொண்டிருந்தோமாம். சத்தம் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஓடவும் இல்லை, அப்பா என்னைத் தூக்கவும் இல்லை. அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேனாம். சட்டையே போடவில்லையாம். "அப்பா தோளில் தூக்கியது உன்னையா? தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கினார். பிள்ளைகளை விட்டுவிட்டு அதைத் தூக்கினாரே என்று அந்த மனிதரோடு ஒரு வாரம் நான் பேசவில்லை" என்றார்.

அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

டீ மாஸ்டர் · வியாழன், இரவு 10.22

இருபது ஆண்டுகளாகத் தம்பி என்று நினைத்தது தொலைக்காட்சிப் பெட்டியா!

அக்காவேதான் · வியாழன், இரவு 11.40

இந்த இழைக்காகவே கணக்குத் தொடங்கியிருக்கிறேன். நண்டுக்காலின் அக்கா நான்தான்.

ஒரு சின்னத் திருத்தம். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் தொலைக்காட்சிப் பெட்டி வந்ததே அரசு இலவசமாகக் கொடுத்தபோதுதான். அந்தத் திட்டம் தொடங்கியது 2006-இல். அதுவரை எதிர்வீட்டு வாசலில் நின்றுதான் பார்ப்போம், தம்பியைக் கேளுங்கள். அப்பா அந்தப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் நடந்தது 2015 டிசம்பர் வெள்ளத்தில்.

இதை அம்மாவிடம் சொன்னேன். பத்து நிமிடமாகச் சுவரில் மாட்டியிருக்கும் அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அப்படியென்றால் அந்த ஒரு வாரம் நான் எதற்காக அவரோடு பேசாமல் இருந்தேன்?" என்று கேட்கிறார்.